போர்ட் ஒன்று, திறன் பல

2023 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 15 வரிசையை வெளியிட்டபோது, 2012இல் ஐபோன் 5உடன் அறிமுகமான லைட்னிங் போர்ட் விடைபெற்று, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஏற்கெனவே பழகிப்போயிருந்த யூஎஸ்பி டைப்-சி அதன் இடத்துக்கு வந்தது. இனி வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேபிள் போதும் என்று பலர் மகிழ்ந்தார்கள். விவரக்குறிப்பைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி உறுத்தியது. ஐபோன் 15, ஐபோன் 15 பிளஸ் ஆகிய இரண்டிலும் உள்ள டைப்-சி போர்ட் நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில்தான் தரவைக் கடத்தும். அது 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான யூஎஸ்பி 2.0இன் வேகம். புரோ வகைகள் நொடிக்கு 10 கிகாபிட் வரை போகும் என்றாலும், அவற்றின் பெட்டிக்குள் வைத்துத் தரப்பட்ட கேபிளும் அதே 480 மெகாபிட் கேபிள்தான். முழு வேகம் வேண்டுமென்றால் வேறொரு கேபிளைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

கோயம்புத்தூரில் சிறு அலுவலகங்களுக்கும் புகைப்பட ஸ்டுடியோக்களுக்கும் கணினி அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பு வந்தால் பிரிண்டர், வைரஸ், ஹார்டு டிஸ்க் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இப்போது வருகிற அழைப்புகளில் கணிசமானவை "கேபிள் மாட்டியிருக்கேனுங்க, ஆனா ஒண்ணும் வர மாட்டேங்குதுங்க" என்று தொடங்குகின்றன. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கைப்பேசி, கணினி, கேபிள் எதிலும் பழுது இருக்காது. ஒரே வடிவத்துக்குள் ஒளிந்திருக்கும் வெவ்வேறு திறன்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயிருக்கும்.

யூஎஸ்பி வருவதற்கு முன் கணினியின் முதுகில் விசைப்பலகைக்கு ஒரு வட்டத் துளை, பிரிண்டருக்கு அகன்ற துளை, மோடத்துக்கு வேறொன்று என்று வரிசையாக இருந்ததை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். 1996இல் யூஎஸ்பி 1.0 வந்தபோது, அஜய் பட் உள்ளிட்ட இன்டெல் பொறியாளர்களும் மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக் முதலிய நிறுவனங்களும் இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் முயன்றார்கள். அப்போதும் அவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடவில்லை. கணினிப் பக்கத்துக்குத் தட்டையான ஏ வகை, கருவிப் பக்கத்துக்குச் சதுரமான பி வகை என்று இரண்டு வடிவங்களை வைத்ததால், மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது, யார் கட்டளையிடுகிறார், யார் பணிகிறார் என்பதெல்லாம் வடிவத்திலேயே தெரிந்தது. 2008இல் யூஎஸ்பி 3.0 வந்தபோது, வேகமான போர்ட்டின் உள்நாக்கை நீல நிறமாக்கும் வழக்கமும் பரவியது. குழந்தைகூட நீலத்தைப் பார்த்து மாட்டலாம்.

2014 ஆகஸ்டில் டைப்-சியின் வரையறை வெளியானபோது இந்த அடையாளங்கள் எல்லாம் ஒரே வீச்சில் போய்விட்டன. இரு முனையும் ஒரே வடிவம்; தலைகீழாகவும் மாட்டலாம்; எந்தப் பக்கமும் மின்சாரம் தரலாம், எந்தப் பக்கமும் வாங்கலாம். கையாளுவதற்கு இதைவிட வசதியான இணைப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் கண்ணால் பார்த்து அறிந்துகொள்ள முடிந்தவற்றை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள அந்தத் துளைக்குள் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. நான்கு மின்சாரத்துக்கு, நான்கு தரை இணைப்புக்கு, நான்கு பழைய யூஎஸ்பி 2.0 தரவுக்கு, எட்டு அதிவேகத் தரவுக்கு. எஞ்சிய நான்கில் இரண்டு துணைப் பயன்பாட்டுக்கும், இரண்டு யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தீர்மானிப்பதற்கும். ஒரு கேபிளில் இத்தனைக்கும் கம்பி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதிவேகத்துக்கான எட்டுக் கம்பிகளையும் விட்டுவிட்டு, சார்ஜ் செய்யவும் யூஎஸ்பி 2.0 வேகத்தில் தரவு அனுப்பவும் மட்டும் உதவும் கேபிளைத் தயாரிப்பது முழுக்க முழுக்க விதிகளுக்கு உட்பட்டதுதான். கிராஸ்கட் ரோட்டுக் கடைகளில் "வி8ங்களா, சி டைப்புங்களா?" (வி8 என்பது பழைய மைக்ரோ யூஎஸ்பிக்குக் கடைப்பெயர்) என்று ஒரு கேள்வி கேட்டு, பதில் வந்ததும் கொக்கியிலிருந்து உருவித் தரும் கேபிள்கள் அநேகமாக இந்த வகையைச் சேர்ந்தவையே. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. வாங்குபவருக்கு வேறு ரகம் இருப்பதே தெரியாது என்பதுதான் சங்கடம்.

இதன் விளைவை ஒரு ஸ்டுடியோவில் நேரில் பார்த்தேன். திருமணங்களைப் படம்பிடிக்கும் நண்பர் ஒருவர், இரண்டாவது கேமராவாக ஐபோன் 15 புரோவைப் பயன்படுத்தி, புரோரெஸ் என்ற, அதிகம் சுருக்காத வீடியோ வடிவத்தில் பதிவு செய்யத் தொடங்கியிருந்தார். 4கே தரத்தில் புரோரெஸ் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 கிகாபைட் எடுத்துக்கொள்ளும் என்று ஆப்பிளே குறிப்பிடுகிறது. முகூர்த்தத்தை ஒட்டிய அரை மணி நேரப் பதிவே 180 கிகாபைட் ஆகிவிடும். பெட்டியில் வந்த கேபிளால் அதைக் கணினிக்கு மாற்ற அவர் உட்கார்ந்திருந்தார். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு 480 மெகாபிட் என்பது காகிதக் கணக்கில் 60 மெகாபைட். நடைமுறையில் 35 முதல் 40 மெகாபைட் வந்தாலே நல்லது. அந்தக் கணக்கில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. 10 கிகாபிட்டுக்கான குட்டைக் கேபிளை மாற்றி மாட்டியதும், கணினியின் வட்டு ஈடுகொடுத்த வரையில், அதே கோப்புகள் ஒரு கோப்பைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் வந்து சேர்ந்தன.

"ரெண்டும் ஒரே பின்தானுங்களே, அப்புறம் எப்படிங்க?" என்று அவர் இரண்டு கேபிள்களையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். வெளிப்பார்வைக்கு ஒரே ஒரு வேறுபாடுதான் இருந்தது. வேகமான கேபிள் சற்றுத் தடிமனாகவும் நீளம் குறைவாகவும் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. வேகம் கூடக்கூடச் செப்புக் கம்பியில் சிக்னல் விரைவில் மங்கிவிடுவதால், 480 மெகாபிட்டுக்கு நான்கு மீட்டர் வரை நீளலாம் என்றால், 10 கிகாபிட்டுக்கு ஒரு மீட்டரும், 40 கிகாபிட்டுக்கு அதைவிடக் குறைவுமே சாதாரணக் கேபிளில் பாதுகாப்பானவை. நீளமான, மெல்லிய, வளைவதற்கு இதமான சி டைப் கேபிள் ஒன்று மலிவாகக் கிடைத்தால், அதில் அதிவேகக் கம்பிகள் இருக்காது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லிவிடலாம்.

மின்சாரத்தின் கதை இதைவிடச் சுவையானது. டைப்-சி சார்ஜர் ஒன்றைச் சுவரில் மாட்டிவைத்தால் அதன் வாயில் மின்சாரம் இருக்காது. எதிரே ஒரு கருவி வந்து, யார் யாரோடு பேசுவது என்று தீர்மானிக்கும் அந்த இரண்டு தொடுமுனைகளில் ஒன்றில் 5.1 கிலோ ஓம் மின்தடை தென்பட்ட பிறகுதான் சார்ஜர் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். இரு பக்கமும் ஒரே வடிவமாகிவிட்டதால், தெரியாமல் இரண்டு சார்ஜர்களை ஒன்றோடொன்று மாட்டினாலும் விபத்து நேரக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. பழைய ஏ வகை சார்ஜருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதன் வாயில் எப்போதும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது வீட்டிலுள்ள டிரிம்மரையோ டார்ச்சையோ கழுத்தில் மாட்டும் புளூடூத் ஒலிபெருக்கியையோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் சி டைப்தான். கூடவே வந்த ஏ-சி கேபிளில் மாட்டினால் சார்ஜ் ஆகிறது. மடிக்கணினியின் புதிய சார்ஜரில் சி-சி கேபிள் வழியாக மாட்டினால் விளக்கே எரிவதில்லை. உடனே "சார்ஜர் போச்சுங்க" என்று எனக்கு அழைப்பு வரும். திறந்து பார்த்தால் போர்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டிய அந்த மின்தடை இரண்டையும் தயாரிப்பாளர் வைத்திருக்க மாட்டார். இரண்டும் சேர்த்து ஒரு ரூபாய்கூட ஆகாத பொருள்கள். அதை மிச்சம் பிடித்ததன் விளைவாக, எதிரே ஒரு கருவி இருப்பதே சார்ஜருக்குத் தெரியாமல் போகிறது. சார்ஜர் விதிப்படி நடக்கிறது. பழி மட்டும் அதன் மேல் விழுகிறது.

சிறிய கடைத் தயாரிப்பாளர்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 2019 ஜூனில் வெளியான ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில், தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு மின்தடைகளுக்குப் பதிலாக ஒன்றை இரு முனைகளுக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள். மலிவான கேபிளில் அந்தப் பலகை ஒழுங்காக இயங்கியது. தன் திறனைச் சார்ஜருக்குத் தெரிவிக்கும் அடையாளச் சில்லு உள்ளே பொருத்திய விலையுயர்ந்த கேபிளில் மாட்டினால், சார்ஜர் அதை ஓர் ஒலிக்கருவித் துணைப்பொருளாக எண்ணிக்கொண்டு மின்சாரம் தர மறுத்தது. பின்னர் வந்த திருத்தப் பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள்.

கேபிளின் பக்கம் நேரும் பிழை இன்னும் மோசமானது. ஒரு முனை ஏ, மறு முனை சி என்றிருக்கும் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். எதிரே இருப்பது பழைய கணினியாக இருக்கலாம், அளவாக எடுத்துக்கொள் என்று அது கைப்பேசிக்கு உணர்த்துகிறது. அதற்குப் பதிலாக 10 கிலோ ஓம் வைத்தால், மூன்று ஆம்பியர் வரை தாராளமாக இழுத்துக்கொள் என்று பொருளாகிவிடும். பாவம், கணினியின் பழைய போர்ட் அந்தச் சுமையைத் தாங்காது. 2015 நவம்பரில் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, எது விதிப்படி உள்ளது, எது இல்லை என்று பொதுவெளியில் எழுதத் தொடங்கினார். 2016 தொடக்கத்தில் அப்படி வாங்கிய ஒரு கேபிளில் மின்சாரக் கம்பியும் தரைக் கம்பியும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்ததால், அவருடைய குரோம்புக் பிக்சல் மடிக்கணினியே பழுதாகிப்போனது. சில வாரங்களில் விதிமீறிய டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடைவிதித்தது. ஒரு தனிமனிதர் தன் கைக்காசைச் செலவழித்துச் செய்த இந்த வேலைக்கு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் பலவும் கடன்பட்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

மடிக்கணினிகளுக்கு வரும்போது 5 வோல்ட் போதாது. சார்ஜரும் கருவியும் பவர் டெலிவரி என்ற விதிமுறையின்படி பேசி 9, 15, 20 வோல்ட் என்று உயர்த்திக்கொள்கின்றன. 2021இல் வந்த திருத்தம் இதை 48 வோல்ட் வரை, அதாவது 240 வாட் வரை நீட்டியது. இந்தப் பேச்சில் கேபிளும் ஒரு தரப்பு. உள்ளே அடையாளச் சில்லு இல்லாத கேபிள் மூன்று ஆம்பியருக்கு மேல் தாங்கும் என்று எந்தச் சார்ஜரும் நம்பாது. ஆகவே 20 வோல்ட்டில் 60 வாட்டோடு நின்றுவிடும். அலுவலகங்களில் மிகப் பரவலாக இருக்கும் 65 வாட் சார்ஜர் 3.25 ஆம்பியர் தருவது. கால் ஆம்பியர் வித்தியாசம்தான். அதற்காக, சார்ஜரோடு வந்த கேபிளைத் தொலைத்துவிட்டுக் கைப்பேசிக் கேபிளை மாட்டியவரின் திரையில் "மெதுவான சார்ஜர்" என்ற அறிவிப்பு வந்து நிற்கும், அவரும் மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்.

அரசுகள் இதில் தலையிட்ட விதமும் கவனிக்கத் தக்கது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் உற்பத்தியாளர்களோடு ஓர் உடன்பாடு கண்டு மைக்ரோ யூஎஸ்பியைப் பொதுவாக்க முயன்றது. ஆப்பிளும் கையெழுத்திட்டது; ஓர் அடாப்டரைத் தனியாக விற்று உடன்பாட்டை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு உடன்பாடு வேண்டாம், சட்டமே வேண்டும் என்று 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 602 வாக்குகள் ஆதரவாகவும் 13 எதிராகவும் இட்டு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. கைப்பேசி, டேப்லெட், கேமரா முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் அது செல்லும். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் பன்னாட்டுத் தரத்தை அப்படியே ஏற்று, டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டிருப்பதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. ஐரோப்பியச் சட்டம், வேகமாகச் சார்ஜ் ஆகும் கருவிகள் பவர் டெலிவரியையும் ஏற்க வேண்டும் என்று சொல்வது உண்மையிலேயே பெரிய நன்மை. கைப்பேசி நிறுவனங்கள் ஆளுக்கொரு அதிவேகச் சார்ஜ் முறையை வைத்துக்கொண்டு, தம் சார்ஜரும் தம் கேபிளும் சேர்ந்தால்தான் வேகம் என்று விற்றுவந்த பழக்கத்துக்கு அது ஓரளவு கடிவாளம் போட்டிருக்கிறது. ஆனால் தரவு எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதைப் பற்றி அந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஐபோன் 15 சட்டத்தின் எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றிக்கொண்டே 2000ஆம் ஆண்டின் வேகத்தில் நின்றது இதனால்தான்.

கம்பியும் மின்சாரமும் சரியாக இருந்தாலும் மென்பொருள் தன் பங்குக்கு ஒரு படி வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கணினியில் மாட்டினால் முதலில் சார்ஜ் மட்டுமே ஆகும். அறிவிப்புப் பட்டையை இழுத்து "கோப்புப் பரிமாற்றம்" என்று மாற்றினால்தான் படங்கள் தெரியும். பொது இடத்துச் சார்ஜிங் போர்ட்டுகள் வழியாக யாரும் தரவைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக இது அவசியம். ஆனால் பழைய நாள்களில் கைப்பேசி பென் டிரைவ் போலவே தெரிந்ததே, இப்போது ஏன் இப்படி மந்தமாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வேறு காரணம் சொல்ல வேண்டும். அப்போது கணினி கைப்பேசியின் நினைவகத்தை முழுதாகத் தன் வசம் எடுத்துக்கொண்டது; அந்த நேரத்தில் கைப்பேசியால் அதைத் தொட முடியாது. 2011 முதல் ஆண்ட்ராய்டு அதைக் கைவிட்டு, பாட்டு கேட்கும் கையடக்கக் கருவிகளுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய எம்டிபி முறைக்கு மாறியது. கைப்பேசி தன் நினைவகத்தைத் தானே வைத்துக்கொண்டு, கணினி கேட்கும் கோப்பை எடுத்துத் தருகிறது. பாதுகாப்பானது, ஆனால் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால் விண்டோஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பட்டியலிடும் வரை நாம் பச்சைப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திரையோடு இணைப்பதில் நடந்திருக்கும் முன்னேற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டைப்-சியின் அதிவேகக் கம்பிகளை, திரைக்குப் படத்தைக் கடத்தும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலுக்குத் திருப்பிவிடும் வசதி 2014இலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. 2017இல் சாம்சங் கேலக்ஸி எஸ்8உடன் டெக்ஸ் என்ற பெயரில் அதைப் பயன்படுத்தி, கைப்பேசியை மானிட்டரில் மாட்டினால் ஜன்னல்களும் பணிப்பட்டையும் கொண்ட மேசைக்கணினி போல் இயங்கவைத்தது. கூகுள் தன் பிக்சல் 8 கைப்பேசிகளை 2023 டிசம்பரில் வெப்கேமாகவும், அடுத்த ஆண்டு மானிட்டரில் மாட்டத்தக்கதாகவும் ஆக்கியது. ஒரு கணக்கர் அலுவலகத்தில் மடிக்கணினி பழுதாகி நின்ற நாளில், அங்கிருந்தவரின் பழைய கேலக்ஸியை மானிட்டரிலும் விசைப்பலகையிலும் மாட்டி அன்றைய மின்னஞ்சல் வேலைகளை முடிக்கவைத்தேன். அதே மேசையில் இருந்த வேறொரு கைப்பேசியை, அதைவிடப் புதியதை, அதே கேபிளில் மாட்டியபோது மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. அதன் போர்ட் யூஎஸ்பி 2.0, படத்தைக் கடத்தும் கம்பிகளே உள்ளே இல்லை. நம் ஊரில் நடுத்தர விலையில் விற்கும் கைப்பேசிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான், பெட்டியின் மேல் அது எழுதப்பட்டிருப்பதும் அரிது.

கம்பியில்லாப் பரிமாற்றம் வந்துவிட்ட பிறகு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். 2025 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் 10 கைப்பேசிகளின் குவிக் ஷேர் வசதியை ஆப்பிளின் ஏர்டிராப்போடு பேசவைத்தது. நாலைந்து படங்களை அனுப்ப இனி வாட்ஸ்அப்பில் சுருக்கித் தரம் கெடுக்க வேண்டியதில்லை. அன்றாடத் தேவைக்கு அதுவே போதும், நானும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். 180 கிகாபைட்டுக்கு அது வழியாகாது.

போர்ட்டின் பக்கத்தில் இப்போது சில நல்ல அறிகுறிகள் தெரிகின்றன. யூஎஸ்பி அமைப்பு "3.2 ஜென் 2" போன்ற, பொறியாளர்களுக்கே தலைசுற்றும் பெயர்களை விற்பனைக்கு வைத்துக்கொள்ளாமல், வேகத்தையும் வாட்டையும் நேரடியாக எண்ணால் குறிக்கும் சின்னங்களைக் கேபிளுக்கும் பெட்டிக்கும் பரிந்துரைக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2025இல், தன் சான்று பெறும் விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் டைப்-சி போர்ட் இருந்தால் அது தரவு, சார்ஜ், திரை ஆகிய மூன்றையும் செய்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கைப்பேசிகளுக்கு அப்படியொரு நிபந்தனையை யாரும் விதிக்கவில்லை. அது வரும் வரை, என் வாடிக்கையாளர்களின் அலுவலகங்களில் இருக்கும் ஒவ்வொரு சி டைப் கேபிளின் தலையிலும் "10 கிகா", "100 வாட்", "சார்ஜ் மட்டும்" என்று சோதித்துப் பார்த்து மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டு வருகிறேன். ஸ்டுடியோக்காரர் தன் வேகமான கேபிளுக்குச் சிவப்பு டேப் சுற்றி, உதவியாளர்கள் எடுத்துச் சார்ஜ் போட்டுவிடாமல் பூட்டியும் வைத்திருக்கிறார்.